முப்பது நாளும் மூன்று நாளும்

அந்த ஆளை எப்படிப் பழிவாங்குவது என்று நான் தனியாக உட்கார்ந்து யோசித்ததே இல்லை. பல் தேய்க்கும்போது யோசித்தேன், துணி காயப்போடும்போது யோசித்தேன், பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தால் அப்போதும் அவரைத்தான் திட்டினேன். மூன்று வாரமாக எனக்கு வேறு வேலையே இல்லை. வேலையிலிருந்து என்னைத் தூக்கியவரும் அவர்தான் என்பதால், பழிவாங்க வேண்டிய நேரத்தையும் அவரே ஒதுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் பழைய கட்டடங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அலுவலகத்தின் தலைமை இன்ஜினியர். எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாஞ்சரி, எல்லாஞ்சரி" என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே எல்லாஞ்சரி. அவரிடம் நான் பதினோரு வருஷம் விரிசல் அளந்தேன். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் இந்தப் பக்கம் ஒரு பித்தளை ஆணி, அந்தப் பக்கம் ஒரு பித்தளை ஆணி பதித்து வைப்போம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் காலிபர் என்ற கவ்வும் அளவுகோலால் பிடித்து அளந்தால், போன தடவையைவிட விரிசல் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் கை நடுங்கினால் எண் பொய்யாகிவிடும். என் கை நடுங்காது. அலுவலகத்தில் என்னை மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள், மில்லிமீட்டரில் பாதியைக்கூட விடமாட்டேன் என்பதால்.

என் அக்கா வேலை பார்க்கும் கட்டடமும் எங்களிடம் சோதனைக்கு வந்தது. கீழே அச்சு இயந்திரங்கள், நடுமாடியில் அக்காவும் மற்றவர்களும் தாள் மடித்து, தைத்து, அட்டை ஒட்டிப் புத்தகம் கட்டும் கூடம், அதற்கு மேலே காகிதக் கிடங்கு. காகிதம் லேசு என்று நினைப்பவர்கள் ஒரு பண்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்க்க வேண்டும். மேலே அடுக்கிக்கொண்டே போனதில், கூடத்தின் நடுத்தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒரு விரிசல் விட்டிருந்தது. ஆணி பதித்து, மாதம் ஒருமுறை போய் அளந்து வந்தேன்.

நாலாவது மாதம் அளந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் இருந்த கதவு திடீரென்று இறுக ஆரம்பித்திருந்தது. பசை காய்ச்சுகிறவர் அதைத் தினம் உதைத்துத் திறந்துகொண்டிருந்தார். மாதம் ஒருமுறை போதாது என்று நானே முடிவு செய்து மூன்று நாளுக்கு ஒருமுறை போனேன். அப்படி ஐந்து தடவை அளந்ததும், மனசு கேட்காமல் கட்டடத்து முதலாளியம்மாவிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன்: "மேல இருக்கிற காகிதத்தை இறக்குங்கம்மா. இறக்குற வரைக்கும் யாரையும் உள்ளே விடாதீங்க."

எல்லாஞ்சரிக்குத் தெரியாமல் முதலாளியிடம் பேசியது குற்றம். அடுத்த நாளே அவர் கூடத்துக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு வரைபடம். என் எண்களை அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டு அவரே வரைந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துக் காட்டினார். கோடு இடது பக்கத்தில் கிளம்பி விறுவிறுவென்று ஏறி, நடுவில் சாய்ந்து, கடைசியில் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது.

"பாருங்க. முதல் நாலு மாசம் ஏறுச்சு. அப்புறம் களைச்சுப் போச்சு. கடைசி அஞ்சு தடவையும் ஒண்ணுமே நகரல பாருங்க. விரிசல் அடங்கிடுச்சு. எல்லாஞ்சரி." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எங்க மில்லிக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். பல்லி விழுந்தா கூரை விழுந்துடுச்சுன்னு ஓடுற ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். என் எண்கள், என் கையால் அளந்தவை, அவர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. அவர் விடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, தேவையில்லாமல் பீதியைக் கிளப்பியதற்கு வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதுவதற்கு மேஜை வேண்டுமே, அக்காவின் மேஜைதான் பக்கத்தில் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அக்கா தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே மடித்த தாளையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அலுவலகத்தில் என் நாற்காலி இல்லை. அக்காவுக்குக் கூடத்தில் புதுப்பெயர் வந்தது, விரிசல்காரி அக்கா. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்ததற்காகவும் சேர்த்து அந்த ஆளை விடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அவர் எண்களில் எங்கேயோ கை வைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் நோட்டு என்னிடம் இருந்தது. அதே எண்களை நானே வரைந்து பார்த்தால் திருட்டு அகப்பட்டுவிடும். வரைய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பக்கத்து வீட்டு டீச்சர் தூக்கிப்போட வைத்திருந்த லேப்டாப் ஒன்று கிடைத்தது. பேட்டரி செத்தது, வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அதில் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். அந்தக் கிழத்துக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. அலுவலகத்தில் இருந்த வரைபட மென்பொருளை வாங்க எனக்கு வக்கில்லை, லினக்ஸில் அது ஓடவும் ஓடாது. இலவசமாகக் கிடைப்பவற்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்க வேண்டியதுதான். மென்பொருள் பட்டியலைத் திறந்து கணிதம் என்று தேடினேன். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பத்துப் பையன்கள் வரிசையாக வந்து நின்ற மாதிரி நின்றன.

முதலில் ஜியோஜீப்ரா. நல்ல பிள்ளை, களையான முகம். வட்டம் போடு என்றால் போடும், முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் கோணமெல்லாம் கூடவே மாறும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இது இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். இரண்டு மணி நேரம் இழுத்து இழுத்து விளையாடினேன். அந்த இரண்டு மணி நேரமும் அந்த ஆள் ஞாபகமே வரவில்லை. அந்தக் காரணத்துக்காகவே அதை மூடினேன்.

அடுத்தது மாக்சிமா. சமன்பாட்டைக் கொடுத்தால் எக்ஸும் ஒய்யுமாகவே வைத்துப் பிரித்து மேய்ந்து விடை தரும். என்னிடம் சமன்பாடு எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. ஆக்டேவுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்தவர்களிடம் பேசப் போனால் நமக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. நாட்களை ஒரு வரிசையாகவும் அளவுகளை இன்னொரு வரிசையாகவும் கொடுத்தேன், ஒன்றில் ஒரு எண் குறைந்துவிட்டது. இரண்டும் ஒட்டவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டது. லேப்ப்ளாட் பார்க்கப் பாங்காக இருந்தது, அலுவலகத்தில் பார்த்த மாதிரியே அட்டவணையும் படமும். ஆனால் என் கிழட்டு லேப்டாப் அதைத் திறப்பதற்குள் ஒரு பானைத் தண்ணீர் கொதித்துவிடும். குறை லேப்டாப் மேல்தான், இருந்தாலும் எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் லினக்ஸோடு கூடவே வந்திருந்த லிப்ரே ஆஃபீஸ் கால்க்கைத் திறந்தேன். கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை; முதல் பத்தியில் மேலிருந்து கீழாக நாட்கள், இரண்டாவதில் விரிசலின் அகலம். படங்களின் வகைகளைக் காட்டியது. எனக்கு வேண்டியது கோடு, கோடு என்று இருந்ததை அமுக்கினேன். முதல் பத்தியைத் தலைப்பாக வைக்கவா என்று ஒரு கட்டம் இருந்தது, அதிலும் ஒரு டிக்.

எல்லாஞ்சரியின் படம் வந்து நின்றது. அதே ஏற்றம், அதே சாய்வு, அதே படுக்கை.

ஒவ்வொரு எண்ணாக நோட்டோடு ஒத்துப்பார்த்தேன். எல்லாம் நான் எழுதியவை. அந்த ஆள் எதையும் மாற்றவில்லை. அப்படியென்றால் அவர் சொன்னது சரி, நான்தான் பல்லிக்குப் பயந்தவள். அன்றைக்கு அழுதேன். வேலை போனபோதுகூட அழவில்லை. என் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டதே என்று அழுதேன்.

இரண்டு நாள் லேப்டாப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சும்மா கிடந்த கைக்கு வேலையாகப் பட்டியலில் மிச்சமிருந்த க்னூப்ளாட்டை இன்ஸ்டால் செய்தேன். அதற்கு முகமே கிடையாது. கறுப்பு ஜன்னல், அதில் ஒரு வரி, அதன் முனையில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு, அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று கேட்காது, சிரிக்காது. எண்களை ஒரு கோப்பில் இரண்டு பத்தியாக எழுதி, இதை வரை என்று ஒரே வரி கட்டளை கொடுத்தேன். கோடுகூடப் போடவில்லை. வெறும் கூட்டல் குறிகளைத் தூவிவிட்டுப் பேசாமல் நின்றது.

பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முதல் ஐந்து குறிகளும் இடத்தை அடைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி, மெதுவாக ஏறிக்கொண்டு போயின. கடைசி ஐந்தும் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றன. படுக்கையே இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன், எண்களில் தப்பில்லை. மறுபடி படத்தைப் பார்த்தேன். கீழே இருபது, நாற்பது, அறுபது என்று நாட்களின் அளவு ஓடியது. அப்போதுதான் உறைத்தது.

எல்லாஞ்சரியின் படத்தில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரே அகலத்தில் இடம் போட்டிருந்தது. முப்பது நாள் கழித்து அளந்ததற்கும் ஒரு இடம், மூன்று நாள் கழித்து அளந்ததற்கும் அதே இடம். மாதம் ஒருமுறை அளந்தபோது விரிசல் ஒவ்வொரு தடவையும் கால் மில்லி, கடைசி மாதத்தில் அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக அகன்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்தபோது ஒவ்வொரு தடவையும் மில்லியில் பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்குதானே, அடங்கிவிட்டது. ஆனால் ஒரு மாதத்தில் மூன்று நாள் பத்து தடவை வருகிறது. மாதத்துக்கு ஒரு முழு மில்லி. விரிசல் அடங்கவில்லை, ஓட ஆரம்பித்திருந்தது. நான் பயந்துபோய் அடிக்கடி அளக்க அளக்க, அந்த ஆள் படத்தில் அது ஆறிக்கொண்டே வந்திருக்கிறது.

கால்க்கைத் திறந்து பார்த்தேன். கோடு என்ற வகைக்குக் கீழேயே இரண்டு எண் வரிசைகளை எதிரெதிரே வைத்து வரைகிற வகையும் இருந்தது. அதை அமுக்கினேன், க்னூப்ளாட் காட்டியதையே அதுவும் காட்டியது. ஆக, கால்க் மேல் குற்றமில்லை. கோடு என்று கேட்டோம், கோடு கொடுத்தது. அமுக்கிய விரல்தான் குற்றவாளி. பதினோரு வருஷம் அளந்தவளும் இருபத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்டவரும் ஒரே இடத்தில் போய் அமுக்கியிருக்கிறோம். இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், மனக்கணக்குப் போட்டிருந்தால் போதும். படம் அவ்வளவு அழகாக இருந்ததால் இரண்டு பேருமே போடவில்லை.

அந்த நிமிஷமே எழுந்து ஓடியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். அந்த நிமிஷம் நான் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே செய்தி சொன்னாள். "செவ்வாய்க்கிழமை உங்க எல்லாஞ்சரி வர்றாராம். பாடப் புத்தக ஆர்டர் வந்திருக்கு, மேல இன்னொரு லோடு காகிதம் ஏத்தணும். ஏத்தலாம்னு அவர் கையெழுத்துப் போடணுமாம். எல்லாரையும் நிக்க வெச்சு மறுபடியும் படம் காட்டுவார்போல."

மேடை தானாக வந்து வாசலில் நின்றது. அதே கூடம், அதே ஆட்கள், அதே ஆள். இப்போதே அக்காவிடம் சொன்னால் அவள் வாயில் நிற்காது. நாளைக் காலையில் கூடம் முழுக்கத் தெரியும், மத்தியானத்துக்குள் அவர் காதுக்குப் போகும். அவர் சத்தமில்லாமல் புதுப்படம் வரைந்துகொண்டு வந்து, தானே கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காப்பாற்றிவிட்டுப் போவார். நான் கடைசிவரை பல்லிக்குப் பயந்தவளாகவே இருக்க வேண்டியதுதான். கையெழுத்து ஆகாமல் புது லோடு ஏறாது. இத்தனை மாதம் நின்றது நாலு நாள் நிற்காதா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவிடம் இதை மட்டும் கேட்டேன். "நாளைக்கும் திங்கக்கிழமையும் லீவு போடேன்கா. உடம்பு முடியலன்னு சொல்லிடு."

"எதுக்குடி? ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. நான் லீவு போட்டா என் பங்கையும் மத்தவங்கதான் மடிக்கணும்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதிலாக இன்னொரு யோசனை வந்தது. என் வேலை போனபிறகு யாரும் அளக்கவில்லை, எல்லாஞ்சரி பழையபடி மாதம் ஒருமுறை போதும் என்று சொல்லிவிட்டார். படத்துக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் அவர் வாயைத் திறக்க முடியாது. என் சொந்தக் காலிபரை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். சமையலறைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"மறுபடியும் இந்த வம்பு எதுக்குடி உனக்கு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி கொடு. உனக்காக" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில், யாரும் பார்க்காதபோது ஸ்டூல் போட்டு ஏறி அளந்திருக்கிறாள். கை நடுங்கியதாம், அதனால் மூன்று தடவை அளந்தாளாம். மூன்று தடவையும் ஒரே எண். அந்த எண்ணைப் பார்த்தேன். வேகம் அப்படியே இருந்திருந்தாலும் வரக்கூடாத எண் அது. மூன்று வாரத்தில் ஒரு மில்லிக்கு மேல். எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அதை அக்கா பார்த்துவிடக் கூடாது என்று அடுப்பைத் துடைக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படத்தைத் தயார் செய்தேன். எல்லாவற்றிலும் க்னூப்ளாட்டையே வைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் அலங்காரம் பண்ணாமல் என் எண்களைப் போட்ட இடத்தில் போட்டது. கீழே வெறும் நாட்கணக்குக்குப் பதிலாகத் தேதிகள் வரும்படி மாற்ற மட்டும் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். லேப்டாப்பை வயரோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போக முடியாது, அதனால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு அச்சடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது எல்லாஞ்சரி பேசிக்கொண்டிருந்தார். பழைய படத்தையே சட்டம் போடாத குறையாகத் தூக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன மில்லி, இன்னைக்கு எந்தக் கூரை விழுது?"

சிலர் சிரித்தார்கள். நான் ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுத்துக்கொண்டே போனேன். பசைக்காரருக்கு ஒன்று, தையல் மெஷின்காரிகளுக்கு ஆளுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, முதலாளியம்மாவுக்கு ஒன்று, கடைசியாக அவருக்கும் ஒன்று. கை நடுங்கவே இல்லை.

"உங்க படத்தில இருக்கிற அதே எண்கள்தான் சார். ஒண்ணுகூட மாத்தல, கடைசியில புதுசா ஒண்ணு மட்டும் சேர்த்திருக்கேன். கீழே தேதியை மட்டும் பாருங்க."

முதலாளியம்மா அவர் படத்தையும் வாங்கி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கணக்கு வராது என்று அவரே சொல்வார். ஆனால் தாள் அளக்கிற கண்.

"இன்ஜினியர் சார், இங்கேருந்து இங்கே ஒரு மாசம். இங்கேருந்து இங்கே மூணு நாள். உங்க படத்தில ரெண்டும் எப்படி ஒரே அகலம்?"

எல்லாஞ்சரி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மூன்று வாரத்துத் தாகம்.

"அது... சாஃப்ட்வேர்ல..." என்றார்.

"சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு சார். இது காசில்லாம கிடைக்கிறது, என் ஓட்டை லேப்டாப்ல வரைஞ்சது. நீங்க எந்தப் படம்னு பார்க்காம அமுக்கிட்டீங்க." குரலை உயர்த்தினேன். "முப்பது நாளும் மூணு நாளும் உங்களுக்கு ஒண்ணு. இப்போ விழுறது பல்லியா கூரையா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்ததற்கும் தயாராக வந்திருந்தேன். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அக்காவின் மேஜைமேல் வைத்தேன். "எழுதிக் கொடுங்க. நான் சொல்றேன்."

எல்லாஞ்சரி முதலாளியம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா முகத்தில் இவரைக் காப்பாற்ற எதுவும் இல்லை. உட்கார்ந்தார். வரைபடம் வரையத் தெரியாமல் வரைந்து, சரியாக அளந்த ஊழியரை எல்லார் முன்பும் அவமானப்படுத்தியதற்கு வருந்துகிறேன் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். அவமானப்படுத்தியதற்கு என்ற இடத்தில் பேனா நின்றது. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பேன்.

"ஏய்" என்றாள் அக்கா. குரல் என்னவோ போல் இருந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் படம் நிஜம்னா நாம எல்லாரும் ஏன் இன்னும் இதுக்கு அடியிலயே நிக்கிறோம்?"

எல்லாஞ்சரி பாதியில் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். பசைக்காரர் கதவை உதைத்தார், திறக்கவில்லை, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து உதைத்ததில் திறந்தது. எல்லாரும் படியில் முட்டிக்கொண்டு இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். கீழே அச்சு இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் பாதி எழுதிய தாளை நான் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

முதலாளியம்மா வேறு ஒரு இன்ஜினியருக்குப் போன் செய்ய, அவர் ஒரு மணி நேரத்தில் தலைக்கவசத்தோடு வந்தார். உள்ளே போனவர் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, வாசலில் கயிறு கட்டச் சொன்னார்.

"சாப்பாட்டுப் பையை எடுக்கக்கூட யாரும் உள்ளே போகாதீங்க. முதல்ல முட்டுக் கொடுக்கணும். இது நேத்தே இறங்கியிருக்கலாம், முந்தாநேத்தே இறங்கியிருக்கலாம். ஏன் இன்னும் நிக்குதுன்னு எனக்கே புரியல."

எல்லாஞ்சரி எதிர்த்த நடைபாதையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. அவருடைய அலுவலகத்துக்கு முதலாளியம்மா போனில் சத்தம் போடுவது எங்களுக்கெல்லாம் கேட்டது. நான் எதற்காக ஆசைப்பட்டேனோ அது முழுசாக, மிச்சம் வைக்காமல் நடந்துகொண்டிருந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள், நான் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு.

"இந்தக் கடைசிப் புள்ளி, சனிக்கிழமைன்னு போட்டிருக்கே, அது நான் அளந்ததுதானே?"

"ஆமாக்கா. அதுதான் அந்த ஆளை அடிச்சுச் சாய்ச்சது."

"மத்ததெல்லாம் உன் நோட்டுல இருந்தது."

"ஆமா."

"அப்போ இந்த மாதிரி ஏறுதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம்."

அவள் விரலால் எண்ணவில்லை. எண்ணத் தேவை இருக்கவில்லை. "அதான் லீவு போடச் சொன்னியா?"

"ஆமா."

"என்னை மட்டும்."

"கையெழுத்து ஆகாம லோடு ஏறாதுன்னு நெனச்சேன்கா. முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஆள் தப்பிச்சிருப்பான்."

"தெரிஞ்சும் என்னை அந்தத் தூணுக்கு அடியில ஸ்டூல் போட்டு ஏத்தினே." கோபமாகச் சொல்லவில்லை. புரியாத ஒன்றைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற மாதிரி சொன்னாள். "அவர் தப்பாப் பார்த்தார்டி. நீ சரியாப் பார்த்துட்டு உக்காந்திருந்தே."

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே இன்னும் அந்தச் சந்தோஷம் சூடாகத்தான் இருந்தது, அதுதான் கூசியது. எதிர்ப்பக்கம் நின்றவரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தால் தெம்பு வரும் என்று பார்த்தேன்.

அக்கா தாளை மடித்தாள். புத்தகக் கூடத்துக் கை, ஓரம் ஓரத்தோடு சரியாகச் சேர்ந்தது. "எல்லாருக்கும் சரியா ஆளுக்கு ஒண்ணு வந்துச்சே. எத்தனை அடிச்சே?"

"நாப்பத்திரண்டு. உங்களுக்கு நாப்பது, முதலாளியம்மாவுக்கு ஒண்ணு, அந்த ஆளுக்கு ஒண்ணு."

"நாங்க நாப்பது பேர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு, பசைக்காரரிலிருந்து ஆரம்பித்து, யார் யார் எந்த மேஜையில் உட்காருவார்கள் என்று வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தது கண்முன் வந்தது.

"ஒவ்வொருத்தர் முகமா நெனச்சுப் பார்த்து எண்ணினேன்" என்றேன்.

அக்கா மற்ற முப்பத்தொன்பது பேரும் நின்ற பக்கம் போய், அவர்களோடு நின்றுகொண்டாள்.